வாளின் ஜவ்ஹர்

குற்றாலத்துச் சாரலை நாடி வருவோர் அருவியில் நனைந்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். அந்தச் சாரலைச் சுமந்து வரும் காற்றைப் பற்றி எண்ணுவோர் சிலரே. மேற்கே ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து, செங்கோட்டையைக் கடந்து, தென்காசித் தெருக்களின் பந்தல் துணிகளைப் படபடக்கச் செய்துவிட்டுக் கிழக்கே ஓடும் அக்காற்று, எங்களூர்க்காரர்களுக்கு ஆண்டுதோறும் வந்து தங்கும் உறவினரைப் போன்றது. வந்தால் மகிழ்வோம்; எதற்காக வந்தது என்று கேட்கமாட்டோம். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அக்காற்றுக்கு ஒரு வேலை இருக்கின்றது. ஆதலால் முதலிலேயே அதனைச் சொல்லி வைக்கின்றேன்.

2025-ஆம் ஆண்டில் சாரல் முந்திக்கொண்டது. ஜூன் 7-ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள். அதற்குச் சில நாள்களுக்கு முன், குர்பானிக் கத்திகளைத் தீட்டி வாங்குவதற்காகக் குற்றாலம் சாலையில் உள்ள ஒரு கொல்லுப்பட்டறைக்குச் சென்றிருந்தேன். அறுக்கும் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனையை நீட்டலாகாது என்பது மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை. ஆகவே பெருநாளுக்கு முந்திய வாரத்தில் அந்தப் பட்டறையில் நம்மவர் கூட்டத்தைக் காணலாம். உடன் வந்தவன் என் தமக்கை மகன்; பொறியியல் படிப்பவன். வளைகுடாவில் பணிபுரியும் அவன் தந்தையார் அனுப்பிய புதுக்கத்தி ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தான். அலகு முழுவதும், மணலில் நீர் ஓடி வடிந்த தடம்போல, வரி வரியாகப் பூவேலை. 'டமாஸ்கஸ் எஃகு' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது.

ஆசாரியார் அதனை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் சுண்டிப் பார்த்தார். பின்னர் என்னை நோக்கி, "சாயபு, இந்தப் பூ தேஞ்சா போயிருமா, தேஞ்ச பொறவும் வருமா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மருமகனுக்கும் விளங்கவில்லை. அவர் இசைவு கேட்டுக்கொண்டு, கைப்பிடிக்கு அருகே விரலகலத்தைச் சாணைக்கல்லில் கொடுத்தார். பூ மறைந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. அரை எலுமிச்சம்பழத்தை அவ்விடத்தில் பிழிந்து தேய்த்து, நாங்கள் தேநீர் அருந்தி முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தார். துடைத்துப் பார்த்தபோது சாம்பல் நிறக் கறை இருந்தது, பூ இல்லை. "மேல எழுதின பூ" என்றார். ஏளனம் ஏதும் அந்தக் குரலில் இல்லை. பையனின் முகம்தான் வாடிவிட்டது.

அவர் கேட்ட கேள்வி வீடுவரை என்னோடு வந்தது. வரலாற்றுப் புகழ் பெற்ற வாள்களின் அலகில் தோன்றும் நீரலைக் கோலத்தைப் பாரசீகத்தாரும் அரபியரும் 'ஜவ்ஹர்' என்றனர். நம் குடும்பங்களில் ஆண்பிள்ளைகளுக்கு இடும் பெயர்களுள் ஒன்று அது. மணி, மாணிக்கம் என்பது அதன் பொருள். ஆனால் கலாம் என்னும் தத்துவ நூல்களைப் பயின்ற ஆலிம்களுக்கு அச்சொல் வேறொன்றையும் குறிக்கும். ஒரு பொருளில் ஏறி இறங்கும் நிறம், சூடு, வடிவம் முதலியன 'அறள்'. அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் மூலம் 'ஜவ்ஹர்'. வாளின் மேல் கண்ணுக்குத் தெரியும் கோலத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத மூலத்தின் பெயரை ஏன் இட்டனர்? அக்கோலம் மேலே எழுதப்பட்டதன்று, எஃகின் உள்ளிருந்தே வருவது என்று அறிந்திருந்ததனால் அன்றோ! எத்தனை முறை தேய்த்தாலும், அன்னபேதி போன்ற காரக் கரைசலைப் பூசினால் அது மீண்டும் எழும். ஆசாரியார் கேட்டதும் இதைத்தான்.

அந்த எஃகின் பிறப்பிடம் நம் நாடு. டமாஸ்கஸ் என்ற பெயர் பிற்காலத்து ஐரோப்பியர் சூட்டியது. அரபு மொழியில் 'முஹன்னத்' என்றால் இந்திய எஃகால் ஆன வாள்; கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) பெருமானார் திருமுன் பாடிய கஸீதாவிலேயே அச்சொல் வருகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, அரபியருள் முதல் தத்துவஞானி என்று போற்றப்படுபவர், கலீபா முஃதஸிமுக்காக வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூல் ஒன்றையே எழுதினார். அதில் ஸரந்தீப், அதாவது இலங்கை, வாள்களும் இடம் பெறுகின்றன. தத்துவஞானி ஒருவர் கொல்லர்களிடமும் வாள் வணிகர்களிடமும் விவரம் கேட்டு நூல் எழுதினார் என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமிதமாகவும் இருக்கின்றது, சற்றே வெட்கமாகவும் இருக்கின்றது. நாம் பட்டறைக்குப் போவது கத்தி தீட்டுவதற்கு மட்டும்தானே.

நம் தென்பாண்டிப் பகுதிக்கு இரும்பு புதிதன்று. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இரும்புப் படைக்கருவிகளை அலெக்சாண்டர் ரீ நூறாண்டுகளுக்கு முன்பே தோண்டி எடுத்தார். தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்திலும் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அண்மைக்கால அகழாய்வில் தாழிகளோடு இரும்புப் பொருள்கள் வெளிப்பட்டுள்ளன. அவை கோலமிட்ட வாள்கள் அல்ல. கோலத்துக்கு உரிய எஃகை மூசையில் உருக்கிய சான்றுகள் கொங்கு நாட்டுக் கொடுமணலிலும், திருவண்ணாமலைப் பக்கத்து மேல்சிறுவளூரிலும் கிடைத்துள்ளன. தெலுங்கானத்துக் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் நேரில் வந்து தங்கி எஃகு வாங்கிச் சென்றதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கின்றனர்.

செய்முறையில் மறைபொருள் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. நம்மவர் வாழும் பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் சேலம் பக்கத்து முறையை விவரித்துள்ளார். உமி கலந்த மண்ணால் மூசை பிடிப்பர். அதில் இரும்புத் துண்டுகளையும் காய்ந்த ஆவாரங் குச்சிகளையும் இட்டு, எருக்கிலையால் மூடி, மண்ணால் வாயை அடைப்பர். இருபது, இருபத்துநான்கு மூசைகளை உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். ஆறியபின் உடைத்தால் எஃகுக் கட்டி. ஆவாரையும் எருக்கும்! தென்காசியிலிருந்து சுரண்டை போகும் சாலையோரத்தில் கேட்பாரற்று நிற்கும் செடிகள். இவற்றின் கரி இரும்பில் கலந்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் ஏறியதால்தான் அந்த எஃகு பிறந்தது.

இதனை ஐரோப்பியர் செய்து பார்க்க முயன்ற கதை இருநூறு ஆண்டு நீளமுடையது. 1794-இல் பம்பாயிலிருந்து சில கட்டிகள் லண்டனுக்குச் சென்றன. 'ஊட்ஸ்' என்று பெயரிட்டனர். நம் 'உருக்கு', கன்னடத்தாரின் 'உக்கு' அங்கே போய் அவ்வாறு சிதைந்தது என்பர். மின்னியலின் தந்தையாகிய மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். அவர் 1819 முதல் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கருவி செய்வோருடன் சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்தார். அலுமினியமும் மணற்சத்துமே கோலத்துக்குக் காரணம் என்று கருதினார். அது தவறு. எனினும் அத்தவற்றைத் தேடிப் போன வழியில் எஃகோடு பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கே அது தொடக்கமாயிற்று. பாரிஸ் நாணயசாலையின் ப்ரேயான் முந்நூறு முறைக்குமேல் உருக்கிப் பார்த்து, கரியின் மிகுதியே காரணம் என்று கண்டார். உருசியாவின் ஸ்லாடூஸ்ட் நகரில் அனோசோவ் பல ஆண்டு உழைத்து 1841-இல் தம் நூலை வெளியிட்டார். இவர்கள் அடித்த கட்டிகள் பல நொறுங்கிப் போயின. ஐரோப்பியக் கொல்லர் பழகிய வெண்சூட்டில் இந்த எஃகு தாங்காது. மங்கிய செஞ்சூட்டில் பொறுமையாகத் தட்ட வேண்டும். இந்தப் பொறுமை சூத்திரமாக எழுதப்படாமல் கையில் மட்டுமே இருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது நம் காலத்தில். அமெரிக்காவின் அயோவா அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும், ஃபுளோரிடாவில் பட்டறை வைத்திருந்த கத்திக் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் இணைந்து பல ஆண்டுகள் உருக்கினர், அடித்தனர், அறுத்துப் பார்த்தனர். ஒரே முறையில் செய்த கட்டிகளுள் சிலவற்றில் கோலம் வந்தது, சிலவற்றில் வரவில்லை. ஏன்? கோலம் வந்தவற்றுக்குப் பயன்படுத்திய ஒருவகை வார்ப்பிரும்பில் வனேடியம் என்னும் உலோகம் இம்மியளவு இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தின் பழைய வாள்களிலிருந்து பெறப்பட்ட துண்டுகளைச் சோதித்தனர், அவற்றிலும் வனேடியம். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே அது போதுமானதாக இருந்தது. காய்ச்சிக் காய்ச்சித் தட்டும்போது கடினமான கரிமத் துகள்கள் வரிசை வரிசையாக அணிவகுக்க அந்த இம்மி உதவுகின்றது. 1998-இல் தம் முடிவை வெளியிட்டனர். வாளில் குறுக்கே படிப்படியாகத் தோன்றும் 'நாற்பது படி'க் கோலத்தையும் பெண்ட்ரே செய்து காட்டினார்.

அவர்கள் அதிலிருந்து ஒரு கருத்துக்கு வந்தனர். என் நெஞ்சைத் தொட்டது அதுவே. இக்கலை ஏன் மறைந்தது? 1878-இன் ஆயுதச் சட்டமும், மேல்நாட்டு ஆலைகளின் மலிவான எஃகும் தம் பங்கைச் செய்திருக்கலாம். ஆனால் வேறொன்றும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்கின்றனர் இவர்கள். வனேடியம் உள்ள கனிமம் தீர்ந்து போய், வேறிடத்துக் கனிமம் வந்திருக்கும். கொல்லன் அதே மூசையைப் பிடித்தான், அதே இலையை இட்டான், தந்தை தட்டியவாறே தட்டினான், கோலம் வரவில்லை. காரணம் தெரியாது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் முறையே மறக்கப்பட்டுவிட்டது.

அந்தக் கொல்லனின் பட்டறையை மனக்கண்ணால் பார்க்கின்றேன். முதிய தந்தை திண்ணையில் அமர்ந்து என்ன சொல்லியிருப்பார்? "உன் கை கெட்டுவிட்டது. எங்கள் காலத்துச் சிரத்தை உனக்கில்லை." மகனும் அதை நம்பியிருப்பான். தந்தையிடம் குறையில்லை, மகனிடமும் குறையில்லை. மாறியது மலையிலிருந்து வந்த கல்.

இந்த இடத்தில் என் வீட்டு நினைவைத் தவிர்க்க இயலவில்லை. எங்கள் அலமாரியில் பாட்டனார் ஓதிய அறபுத்தமிழ்க் கிதாபு ஒன்று, பச்சைத் துணியில் பொதிந்து கிடக்கின்றது. என் தந்தையார் தடுமாறாமல் ஓதுவார். நான் எழுத்துக் கூட்டுவேன். என் மருமகனுக்கு அது எம்மொழி என்பதே தெரியாது. அவன் தலைமுறையின் அக்கறையின்மையை நான் பலமுறை பழித்ததுண்டு. ஆனால் எனக்கு அது எப்படி வந்தது? மஃரிபுக்குப் பின் பாட்டியார் மாலைகளை ராகமிட்டு ஓதும்போது மடியில் படுத்திருந்ததால் வந்தது. யாரும் அதனைப் பாடம் என்று கருதவில்லை, பாட்டியாரும் கருதவில்லை. அளக்கவொண்ணாத அந்த இம்மியை நாம் கொடுக்காமலேயே, கோலத்தை மட்டும் பிள்ளைகளிடம் கேட்கின்றோமோ என்ற ஐயம் இப்பொழுது எழுகின்றது.

அப்படியானால் முன்னோர் 'அறிந்திருந்தனர்' என்பது எவ்வகையில் உண்மை? 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அறிஞர்கள், பதினேழாம் நூற்றாண்டு வாள் ஒன்றில் நுண்ணிய கரிக்குழாய்களைக் கண்டதாக அறிவித்தனர். உடனே, நம் முன்னோர் அன்றே நானோ அறிவியலில் வல்லவர் என்ற பேச்சு மேடைகளில் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கு நானோவும் தெரியாது, வனேடியமும் தெரியாது. தெரியாதென்று சொல்வதால் அவர்கள் பெருமை குறைந்துவிடுமா? செஞ்சூட்டின் நிறத்தைக் கண்ணால் அளந்தனர். கட்டி ஆறும் பொழுதைக் காத்திருந்து அறிந்தனர். எந்த ஊர்க் கல் நல்லது என்று தெரிந்து வைத்திருந்தனர். இது மெய்யான அறிவே. ஆயின் இந்த அறிவுக்குத் தன் எல்லை தெரியாது. கல் மாறினால் என்ன செய்வது என்று அதனிடம் விடையில்லை. நம் ஆலிம்கள் தக்லீதையும் தஹ்கீக்கையும் பிரித்துச் சொல்வார்கள். முன்னவர் சொன்னபடி நடப்பது ஒன்று. காரணத்தைத் துருவி நிலைநாட்டுவது மற்றொன்று. பெரும்பாலோர் முதலதைக் கொண்டே வாழ முடியும், வாழ்ந்தும் வந்திருக்கின்றோம். அது தளர்வது கல் மாறும் காலத்தில்தான். அந்நேரத்தில் பட்டறையில் துருவிக் கேட்பவன் ஒருவனாவது இருக்க வேண்டும். அவனை 'முன்னோரைச் சந்தேகிப்பவன்' என்று திண்ணையிலிருந்து விரட்டாமலும் இருக்க வேண்டும்.

இனி, காற்று. இலங்கையில் மத்திய மலைநாட்டின் தெற்குச் சரிவில் சமனலவேவா என்னும் இடம் உண்டு. அங்கே மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாகப் பழைய உலைகளின் எச்சங்களைக் கில்லியன் ஜூலெஃப் என்னும் ஆங்கிலேயப் பெண் ஆய்வாளர் கண்டார். ஏழாம் நூற்றாண்டு முதல் பதினொன்றாம் நூற்றாண்டு வரையிலானவை. துருத்தி வைக்க இடமில்லை. துருத்தியின்றி இரும்பு எப்படி உருகும் என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். அவர் அகழ்ந்து கண்டபடியே உலையைக் கட்டி, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாளில் தீ மூட்டினார். வெறும் காற்று ஊதியது, இரும்பு வந்தது, அதோடு கரி மிகுந்த எஃகும் வந்தது. 1996-இல் 'நேச்சர்' இதழ் அதனை வெளியிட்டது. அல்கிந்தி சொன்ன ஸரந்தீப் வாள்களுக்கு இவ்வெஃகே மூலமாகலாம் என்பது அவர் கருத்து. எங்கள் ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து குற்றாலத்தில் சாரலாய்த் தூவுவதும் அதே தென்மேற்குக் காற்றுத்தான். இங்கே அது இப்பொழுது காற்றாலைகளைச் சுழற்றுகின்றது.

இத்தகைய சோதனை எதனை நிறுவுகின்றது? 'இப்படிச் செய்ய இயலும்' என்பதை ஐயமற நிறுவுகின்றது. 'அவர்கள் இப்படித்தான் செய்தார்கள்' என்பதற்கு அது கண்ட சாட்சியன்று. காஜியாரின் முன்னிலையில் கண்டவன் சொல்லும், ஊகித்தவன் சொல்லும் ஒரே எடையுடையன அல்ல. ஆயினும் கண்டவர் எவரும் எஞ்சாத வழக்கில், மண்ணிலுள்ள தடயத்தோடு ஒத்துப்போகும் செய்கையைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்குமா? பெண்ட்ரேயின் வாளும் அவ்வாறே. அது பழைய வாள் அன்று. பழைய வாளைப் போன்ற போலியும் அன்று. தேய்த்தாலும் அதன் பூ மீண்டும் வரும். ஆசாரியாரின் எலுமிச்சம்பழச் சோதனையில் அது தேறிவிடும் என்பது என் முடிவு.

பெருநாளுக்கு, லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அவர் அடித்துக் கொடுத்த பூவில்லாத கத்தியே பயன்பட்டது. நன்றாகவே அறுத்தது.

மருமகன் அத்தோடு விடவில்லை. ஆடி மாதத்தில், உமியும் களிமண்ணும் பிசைந்து கைப்பிடி அளவு மூசைகள் மூன்று செய்து வெயிலில் காய வைத்திருந்தான். சாரல் நாளாகையால் அவை காயவே பத்து நாள் ஆயின. சுரண்டைச் சாலையிலிருந்து ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் கொண்டுவந்தான். ஆசாரியார் முதலில் சிரித்தார். பிறகு உலையை ஒழித்துக் கொடுத்தார். மின்சார ஊதியை அவரே இயக்கினார். முதல் மூசை வெடித்து இரும்பு கரியில் ஒழுகிற்று. இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவதை மறுநாள் காலை உடைத்தபோது, எலுமிச்சை அளவில் ஒரு கட்டி இருந்தது. பையன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, உடனே வாங்க" என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அதனை உலையில் இட்டிருந்தார்கள். ஆசாரியார் குறட்டால் எடுத்துப் பட்டடைக்கல்லில் வைத்துத் தட்டினார். இரண்டாம் அடியில் அது ஈரமான வெல்லக்கட்டிபோல உதிர்ந்துவிட்டது. ஃபாரடேயின் நாட்டுக் கொல்லர்களுக்கும் இதுவே நேர்ந்தது என்று நான் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். இருவரும் அதனைக் கேட்கவில்லை.

"சூடு கூடிப்போச்சு. இன்னும் செவப்புலயே நிறுத்திருக்கணும்" என்றார் ஆசாரியார். பையன் உதிர்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எந்த மண், எத்தனை குச்சி, எவ்வளவு நேரம் என்று எழுதிய தாளில் மடித்துக்கொண்டிருந்தான். அடுத்த உலைக்கு எந்த ஊர் இரும்பு கிடைக்கும் என்று அவர்கள் பேசத் தொடங்கியபோது, வெளியே சாரல் வலுத்து, பட்டறையின் தகரம் படபடத்தது.